சாட்சி ஓட்டை

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

பாலம் இடிந்த வருஷம் அது. கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து, அக்கரைக்குப் போக எல்லோரும் படகில் ஏறி இறங்கினோமே, அந்த வருஷம்தான் நம் பந்தயக் காருக்கு ஏற்றி இறக்கும் சஸ்பென்ஷன் மாட்டினோம். நூல் மில்லை இழுத்துப் பூட்டியதும் அதே வருஷம். எனக்குப் பார்த்த பெண், 'மாப்பிள்ளை மேல கிரீஸ் வாடை அடிக்குது' என்று சொல்லி வேறொருவனைக் கட்டிக்கொண்டதும் அதே வருஷம். பாலத்தை மட்டும் திரும்பக் கட்டினார்கள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுபவர் என் அறைக்குக் கீழே மருந்துக் கடை வைத்திருப்பவர். என் பேச்சைத் துவைத்து, அலசி, இஸ்திரி போட்டுத்தான் காகிதத்தில் இறக்குகிறார். நடை சுத்தமாக இருந்தால் அது அவர். விஷயம் என்னுடையது. போனில் பேசலாம் என்றுதான் பார்த்தேன். போன மாதம் நான் பேசியபோது 'யாருங்க பேசுறது, யாருங்க பேசுறது' என்றே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எழுத்தென்றால் கையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்று உங்கள் மகள் சொன்னாள்.

அந்த சஸ்பென்ஷன் பெட்டி படகில்தான் வந்தது. நீங்கள் வங்கியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். கரையில் நானும் வெல்டரும் டயர்க்காரரும் நின்றோம். உங்கள் தம்பி சின்னவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றான். ஷெட்டுக்குப் போய்ப் பிரித்ததும் டயர்க்காரர் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது, உடம்பு பூரா மரை போட்டு வச்சிருக்கு?"

"அந்த மரையிலதான் வளையம் ஏறி இறங்கும். வளையத்த இறக்கினா வண்டி இறங்கும், ஏத்தினா ஏறும்" என்றீர்கள்.

"அப்ப மேல இருக்கிற இந்தத் திருகு?"

"அது இறுக்கம். டிக் டிக்குனு எண்ணித் திருகணும்."

"என் மாமியாருக்கு இப்படி ஒரு திருகு இருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்."

வெல்டர் சிரித்துச் சிரித்து இருமினார். மாட்டி முடித்ததும் சின்னவன் உள்ளே உட்கார்ந்து பார்த்தான். "அண்ணே, தரையில குந்தின மாதிரி இருக்கு. இனிமே எறும்பு வந்தாக்கூட ஹாரன் அடிச்சிட்டுத்தான் போகணும்" என்றான். முன்னால் ஆறு டிக், பின்னால் நாலு. வைத்தது நீங்கள். வங்கியில் கேஷியர் ஆயிற்றே, எண்ணுகிற வேலையை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டீர்கள்.

இன்னும் எது வேண்டுமானாலும் கேளுங்கள். எனக்கு எழுத்துதான் வராது. மற்றது எதுவும் என்னை விட்டுப் போகவில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள். குளிர் அதிகம் என்றார்கள், காதை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
எலி


பிப்ரவரி 24

அன்புள்ள எலிக்கு,

உன் கடிதம் வந்தது. 'எலி' என்று பார்த்ததுமே காருக்கு அடியிலிருந்து ஒரு தலை நீண்டது. மூக்கு நுனியில் கிரீஸ். அதைப் பார்த்தபடியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நானும் அப்படியொன்றும் மோசமாகிவிடவில்லை.

இங்கே மகள் வீடு ஐந்தாவது மாடி. ஜன்னலுக்கு நேரே கார்கள் நிறுத்துமிடம். எல்லாக் கார்களும் வெள்ளை, எல்லாம் ஒரே உயரம். குளியலறை எந்தக் கதவு என்று சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. எனக்கு மரை கழன்றுகொண்டு வருகிறதென்று டாக்டர் சொல்கிறார். அவர் சொன்ன வார்த்தை வேறு, நீளமானது. நான் நமக்குப் புரிகிற மாதிரி மாற்றிக்கொண்டேன்.

எலி, ஒன்று கேட்கவேண்டும். சின்னவன் ஏன் எனக்கு எழுதுவதில்லை? இங்கே யாரைக் கேட்டாலும் 'மாத்திரை போட்டீங்களா அப்பா' என்று பேச்சை மாற்றுகிறார்கள். மாப்பிள்ளை எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். அவனுக்கு என்மேல் கோபமா? கூடப்பிறந்தவன் காரணமில்லாமல் கோபப்படமாட்டான். நான் ஏதோ செய்திருக்கிறேன். என்ன செய்தேன் என்பது மறந்துவிட்டது. செய்தேன் என்பது மட்டும் மறக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் அதுதான் முதலில் வந்து நெஞ்சில் உட்காருகிறது. பல் தேய்க்கும்போதும் அதுதான்.

உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது எது? எழுது.

அன்புடன்
அண்ணன்

(மாமா, அப்பா எழுதியதை நான் மாற்றாமல் அனுப்புகிறேன். சித்தப்பா இறந்துவிட்டார் என்று நாங்கள் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார், 'எலி சொல்லட்டும்' என்கிறார். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் மகள் மாதிரி நினைத்துக் கேட்கிறேன். — பாப்பா)


மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவன் இல்லை அண்ணே. இப்போது போனவன் இல்லை. பாலத்தைத் திரும்பத் திறந்து, முதல் லாரி போனதே, அந்த வாரத்தில் போனான். பாப்பா அப்போது தொட்டிலில் கிடந்தாள். பழைய விமானத் தளத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். ஓடுபாதை முடிகிற இடத்தில் டிரம் அடுக்கி வைத்த இடது வளைவு இருக்குமே, அதில் அவன் நம் காரைத் திருப்பும்போது வலது முன்சக்கரம் மடங்கிவிட்டது. கார் மண்மேட்டில் ஏறிக் கவிழ்ந்தது. நீங்களும் நானும்தான் முதலில் ஓடினோம். உங்கள் ஒரு செருப்பு ஓடுபாதையிலேயே கிடந்தது. நாம் போய்ச் சேர்ந்தபோதே ஒன்றுமில்லை. வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னார்.

சக்கரத்தைப் பிடித்திருந்த ஆர்ம் விட்டுவிட்டது. சாமான் மட்டம் என்று விசாரித்தவர்கள் எழுதிக்கொண்டு போனார்கள்.

உங்கள்மேல் அவனுக்குக் கோபம் கிடையாது. உங்களைக் கோபித்துக்கொள்ள அவனுக்குத் தெரியாது. இதை நான் சொல்லி முடிக்கும்வரை மருந்துக் கடைக்காரர் இரண்டு வாடிக்கையாளர்களை நிற்கவைத்துவிட்டுக் காத்திருந்தார். நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். அவ்வளவுதான்.

தைரியமாக இருங்கள்.

உங்கள்
எலி


ஏப்ரல் 2

எலி,

சின்னவன் போய்விட்டானாமே. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் தெரிகிறது. உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது, எப்போது வந்ததென்று தெரியவில்லை. காரியத்துக்குக்கூட என்னை அழைக்காமல் விட்டுவிட்டீர்களே. நான் அவ்வளவு தூரத்திலா இருக்கிறேன்?

அவனுக்கு இருபத்திரண்டுதான். அம்மாவுக்கு யார் சொன்னது? அம்மா தாங்கமாட்டாள்.

ஆர்ம் எப்படி விடும்? நான் பார்த்துத்தானே வைப்பேன்? லாக் நட்டை முறுக்கியது யார்? அதை மட்டும் சொல்.

அண்ணன்

(மாமா, அப்பா உங்கள் கடிதத்தைப் படித்த அன்று தரையில் உட்கார்ந்து அழுதார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் எல்லாம் மறந்துபோய் 'சின்னவன் எங்கேம்மா?' என்று சிரித்த முகமாக வந்து கேட்டார். அப்பாடா என்று இருந்தது. ஆனால் உங்கள் கடிதம் அவர் பையிலேயே இருந்திருக்கிறது. மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார். புதிதாகக் கேட்பவர் மாதிரி மறுபடி முதலிலிருந்து. தினமும் அவருக்குத் தம்பி இன்றைக்குத்தான் சாகிறார். நான் கடிதத்தை எடுத்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி மட்டும் நிற்கவில்லை. அப்பா மேல் தவறில்லை, நட்டை முறுக்கியது வேறு யாரோ என்று ஒரு வரி எழுதுங்கள் மாமா. உங்கள் கடிதமென்றால் நம்புவார். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். — பாப்பா)


ஏப்ரல் 20

அன்பு மகள் பாப்பாவுக்கு,

இது உனக்கு மட்டும். அண்ணன் கண்ணில் படாமல் வைத்துக்கொள்.

நீ கேட்டதை எழுத முடியாதம்மா. ஏன் என்று சொல்கிறேன், அப்புறம் நீயே சொல்.

வளைவில் திரும்பும்போது காரின் பாரமெல்லாம் வெளிப்பக்கச் சக்கரத்தில் விழும். அந்தச் சக்கரம் தலைப்பக்கம் கொஞ்சம் உள்ளே சாய்ந்து நின்றால்தான் டயர் முழுதாகத் தரையில் படியும். அதற்காக நாங்கள் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஆர்ம் போட்டிருந்தோம். ஒரு குழாய், அதற்குள் மரை போட்ட ஒரு தண்டு. தண்டை வெளியே திருகினால் ஆர்ம் நீளும், சக்கரம் சாயும், வளைவில் வேகம் கிடைக்கும். திருகிய இடத்திலிருந்து தண்டு நகராமல் இறுக்கிப் பிடிப்பது லாக் நட். ஆனால் வெளியே வர வர உள்ளே பிடிமானம் குறையும். அதைப் பார்க்கக் குழாயின் குறுக்கே ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதில் கம்பியை விட்டால் தண்டில் முட்டவேண்டும். முட்டாமல் கம்பி மறுபக்கம் வந்துவிட்டால் அங்கே தண்டு இல்லை என்று அர்த்தம். வெல்டர் அதற்கு வைத்த பேர் சாட்சி ஓட்டை.

அன்றைக்கு முதல் பந்தயத்தில் எங்களுக்கு இரண்டாவது இடம். கண்ணிமைக்கும் நேரத்தில் முதலிடம் போனது. அடுத்ததற்கு முன்னால் அண்ணன் என்னை அடியில் படுக்கச் சொன்னார்.

"இன்னும் ரெண்டு சுத்து வெளிய எடுடா."

எடுத்தேன். கம்பியை விட்டேன்.

"அண்ணே, கம்பி அந்தப் பக்கம் வருது."

"பத்து ரவுண்டுதானடா. தாங்கும்."

"தாங்கும்னு அது சொல்லலையே."

"அது சொல்லாது. நான் சொல்றேன். லாக் நட்டை முறுக்கு."

நான் முறுக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன். உன் அப்பா பக்கத்தில் படுத்து, ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கி, தானே முறுக்கினார். மேலே சின்னவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கத்தினான்: "ரெண்டு பேரும் அடியில என்ன சம்பந்தம் பேசிட்டிருக்கீங்களா? எலி, எல்லாம் சரியாடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "சரி, சரி, எடு" என்றார். அண்ணன் சரி என்ற பிறகு எலி என்ன சொல்ல? வண்டி கிளம்பிவிட்டது.

விசாரிக்க வந்தவர்கள் என்னைக் கேட்கவே இல்லை. அண்ணனும் நானும் அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அதற்கப்புறம் ஸ்பேனரைத் தொடவில்லை, சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சிநேகம்.

படித்தவர்கள் ஒன்றைத் தப்பாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்திக்கொள்ளலாம். எனக்கு இருப்பது மண்டை ஒன்றுதான். அதில் ஒன்றைப் பொய்யாக வைத்தால் மற்றதெல்லாம் ஆட்டம் கண்டுவிடும். சொன்னால் அவர் தினமும் சாகிறார். சொல்லாவிட்டால் கேட்டுக் கேட்டுச் சாகிறார். என்னால் இரண்டையும் தாங்க முடியவில்லை. அதனால் கொஞ்ச நாள் எழுதாமல் இருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மாமா


மே 29

எலி

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நீயும் கோபமா?

நேற்றோ அதற்கு முன்னாலோ நான் கீழே இறங்கிப் போனேனாம். நிறுத்துமிடத்தில் ஒரு வெள்ளைக் காருக்கு அடியில் படுத்துக்கொண்டேனாம். கையில் பாப்பாவின் கொண்டை ஊசியை நேராக்கி வைத்திருந்தேனாம். காரின் சொந்தக்காரி பயந்து போலீஸைக் கூப்பிட்டிருக்கிறாள். போலீஸ்காரர் நல்ல மனிதர், சின்ன வயசு. 'அடியில என்ன தேடறீங்க பெரியவரே' என்று குனிந்து கேட்டார். எனக்குத் தெரியவில்லை எலி. வெட்கமாகப் போய்விட்டது. எல்லோரும் மாடியிலிருந்து பார்த்தார்கள். பாப்பா என் முதுகைத் தட்டிவிட்டாள், சட்டை முழுக்க ஈரம்.

ஊசி எதற்கு? உனக்குத் தெரியும்.

மகள் ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டாள். வாசலில் புதிதாகப் பூட்டு. நல்லதுக்குத்தான் செய்கிறாள், அழுதுகொண்டே செய்கிறாள்.

நான் யாருக்கோ ஏதோ செய்துவிட்டேன். அதைச் சரிசெய்யத்தான் கிளம்பியிருப்பேன். இன்னும் நேரம் இருக்கிறதா, வண்டி கிளம்பிவிட்டதா என்று மட்டும் சொல்.

நம் ஷெட்டில் இருந்தவர்களில் இப்போது யார் யார் இருக்கிறோம்? முகம் வருகிறது, இருக்கிறார்களா போய்விட்டார்களா என்பது வரமாட்டேன் என்கிறது.

அண்ணன்


ஜூன் 16

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவேண்டும். எனக்கு உங்கள்மேல் என்ன கோபம்?

ஊசி எதற்கு என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அது சாட்சி ஓட்டையில் விட்டுப் பார்க்கிற கம்பி அண்ணே. விமானத் தளத்துப் பந்தயத்தில், இரண்டாவது ஓட்டத்துக்கு முன்னால், நானும் நீங்களும் அடியில் படுத்திருந்தோம். ஆர்மை இரண்டு சுற்று வெளியே எடுக்கச் சொன்னீர்கள். எடுத்தேன். கம்பியை விட்டேன். அந்தப் பக்கம் வந்துவிட்டது. "அண்ணே, கம்பி அந்தப் பக்கம் வருது" என்றேன்.

நீங்கள் தலையைத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அப்படின்னா வேணாம்டா எலி. உள்ள திருகு" என்றீர்கள்.

நான் உள்ளே திருகினேன். மறுபடி கம்பியை விட்டேன், முட்டியது. நீங்களும் ஒருமுறை விட்டுப் பார்த்தீர்கள். அப்புறம்தான் லாக் நட்டை முறுக்கினீர்கள். முறுக்கியது நீங்கள்தான் அண்ணே. நல்ல முறுக்கு.

அந்தப் பந்தயத்தில் நமக்கு நாலாவது இடம். வளைவில் பிடிமானம் போதவில்லை. சின்னவன் இறங்கி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "ஏண்ணே, காரை ஓட்டச் சொன்னீங்களா, மேய்க்கச் சொன்னீங்களா?" என்று கத்தினான். வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே வந்தான். வெல்டர்தான் சமாதானம் செய்தார். நீங்கள் மனசில் வைத்துக்கொண்டிருப்பது அதுதான். நாலாவது இடம். வேறு ஒன்றுமில்லை. இதற்குப் போய் யாராவது இவ்வளவு நாள் நெஞ்சில் பாரம் வைத்துக்கொண்டிருப்பார்களா?

அதனால் இனி எந்தக் காருக்கு அடியிலும் போகவேண்டாம். எல்லாம் பார்த்தாயிற்று. வண்டி சரியாகத்தான் கிளம்பியது.

மருந்துக் கடைக்காரர் இன்றைக்கு என் பேச்சை இஸ்திரி போடவில்லை. சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

பாப்பாவுக்கு என் ஆசீர்வாதம். இந்தக் கடிதத்தை உங்கள் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒளிக்கவேண்டாம். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் படியுங்கள்.

உங்கள்
எலி

பின்குறிப்பு: யார் யார் இருக்கிறோம் என்று கேட்டதை விட்டுவிட்டேன். வெல்டர் நுரையீரலால் போனார், கடைசிவரை சிரிப்புக்கும் இருமலுக்கும் வித்தியாசம் தெரியாமல் இருந்தது. டயர்க்காரர் தூக்கத்தில் போனார், கொடுத்துவைத்தவர். உங்களையும் என்னையும் விட்டால் ஷெட்டில் இருந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒருவன்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. உங்களைப் போலவே முன்வழுக்கை. முழங்கால் வலியால் படியேற முடிவதில்லை, எழுதச் சொன்னால் 'எலி எழுதுறான்ல, அது போதும்' என்கிறான். கேட்டதாகச் சொல்லச் சொன்னான் அண்ணே, நம் சின்னவன்.